வயது போன ஒரு கினியும் எங்கள் வீட்டு அமானிதமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்காகச் சின்னப் பிராணி ஏதாவது வளர்ப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

பாடசாலை விடுமுறை வந்தால் முயல், லவ் பேர்ட்ஸ், ஹம்ஸ்டர், கினி என்று எதையாவது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது இப்போது நமது ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. வாங்கிய அன்று படம் எடுத்துப் போடுகிறோம். எல்லோரும் ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பிராணி கிழடாகி, பல் பழுதாகி, காலை இழுத்துக்கொண்டு திரியும்போது யாரும் படம் போடுவதில்லை. அந்தக் காலத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டில் ஒரு கினி இருந்தது. பாடப்புத்தகத்தில் ‘கினிப்பன்றி’ என்று இருக்கும். 2019 டிசம்பர் விடுமுறையில் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது வாங்கினோம். அந்தப் பெயர்தான் வீட்டில் முதல் பிரச்சினை. உம்மம்மா முதல் ஒரு மாதம் அந்த அறைப் பக்கமே வரவில்லை. “பன்றி எண்டு பேர் உள்ள சாமான் நம்மட வீட்டுக்கு என்னத்துக்கு?” என்று ஒரே கேள்வி.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு வீட்டிலேயே ஒரு பாடம் எடுக்க வேண்டி வந்தது. அது பன்றி இனமே அல்ல. எலி, அணில் போலக் கொறிக்கும் விலங்கு. கினி நாட்டைச் சேர்ந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை மக்கள் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பழக்கி எடுத்த பிராணி. பெரு நாட்டில் இன்றைக்கும் ‘குய்’ என்ற பெயரில் அதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மம்மா சொன்னது: “அப்ப பன்றியுமில்ல, கினியுமில்ல. பேர் வெச்சவனுக்குத்தான் படிப்பிக்கணும்.”

நிறம் நல்ல கருப்பட்டி நிறம். அதனால் மகள் ‘வட்டிலப்பம்’ என்று பெயர் வைத்தாள். முழுப் பெயரைச் சொல்ல நேரமில்லாமல் நான்கு வயதுத் தம்பி ‘வட்டி, வட்டி’ என்று முற்றத்தில் நின்று கத்துவான். தெருவால் போகிறவர்கள் ஆசிரியர் வீட்டில் வட்டி நடக்கிறதோ என்று பார்க்கத் தொடங்க, பெயரின் முன்பாதியை வெட்டி ‘அப்பம்’ ஆக்கினோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கு வந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு அப்பம்தான் கூட்டாளி. பிரிஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், சொப்பிங் பேக் சரசரத்தால் போதும், ‘வீக், வீக்’ என்று வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிடும். சந்தோசம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தையும் அது எங்களோடு கடந்தது. கினிக்குச் சூடு ஆகாது. 27 பாகைக்கு மேல் போனாலே கஷ்டப்படத் தொடங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது கரையோரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துத் துவாயில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்போம். கரண்ட் இல்லாத நாட்களில் ஈரச் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் பக்கத்துச் சீமெந்துத் தரையில் படுக்க வைப்போம்.

கினி சாதாரணமாக ஐந்து முதல் எட்டு வருடம் வாழும். அப்பத்துக்கு ஐந்து வயது தாண்டியபோது நடை குறைந்தது. துள்ளல் நின்றது. அதைவிட முக்கியமானதைக் காட்டியது மகளின் கொப்பி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து, அதற்குள் அப்பத்தை இருத்தி, எடையைத் திகதியோடு எழுதுவது அவளுடைய வேலை. வருடக்கணக்காக 1080 கிராம், 1075, 1080 என்று போய்க்கொண்டிருந்தது, ஒரு கிழமை 1060 ஆனது. அடுத்த கிழமை 1010. அதற்கடுத்தது 940.

வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. கழுகும் பாம்பும் பிடித்துத் தின்னும் பிராணிகளின் இயல்பு இது. நோயை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் முதலில் பிடிபடுவது தான்தான் என்று அதன் உடம்புக்குத் தெரியும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் கிட்டே வரும், புல்லை எடுக்கும், மெல்லுவது போலக் காட்டும், பிறகு கீழே போட்டுவிடும். கண்ணுக்குச் சாப்பிடுகிற மாதிரித்தான் தெரியும். தராசு மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

நமது பக்கத்தில் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பார்ப்பவர்கள். அது அவர்களுடைய பிழை அல்ல, ஊரின் தேவை அப்படி. சின்னப் பிராணி பார்க்கும் ஒருவரைத் தேடி மூன்று மணித்தியாலம் வேனில் போனோம். காதுக்குள் பார்க்கும் லைட்டை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கின் மேலே பாலம் மாதிரி வளைந்துவிட்டது, நாக்கை அசைக்க முடியவில்லை, பசி இருக்கிறது, விழுங்க ஏலாது.

கினியின் பற்கள் எல்லாம் சாகும்வரை வளரும். முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும்தான். நாரான புல்லை நாள் முழுக்க அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கும். வயதாகி மெல்லுவது குறைந்தால் பல் வளரும். பல் வளர்ந்தால் மெல்லுவது இன்னும் குறையும்.

வைத்தியர் மூன்று வழி சொன்னார். மயக்கி, பல்லை வெட்டி விடலாம். ஆனால் இந்த வயதில் மயக்கத்திலிருந்து எழும்பாமலும் போகலாம். இல்லையென்றால் பல்லை விட்டுவிட்டு, சிரிஞ்சால் ஊட்டிப் பார்க்கலாம். வேதனை கூடினால் ஊசி போட்டு முடிப்பதும் உண்டு.

அன்றிரவு வீட்டில் பேசாத பேச்சில்லை. சின்னவன் அழுதான். மகள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கிழமைக்கு எத்தனை கிராம் குறைகிறது, இப்படியே போனால் எத்தனை கிழமை என்று கணக்குப் பார்த்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கைச் செய்ததைப் பார்க்க எங்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அதைத் தடுக்கவும் இல்லை. பல்லை வெட்டுவது என்று முடிவெடுத்தோம். வேதனை தாங்காத கட்டம் ஒன்று வந்தால் வைத்தியரின் சொல்லைக் கேட்பது என்றும் அன்றைக்கே பேசி வைத்தோம். அந்தக் கட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரிடமே கேட்டு மகள் கொப்பியின் பின்னட்டையில் எழுதினாள். சாப்பாட்டுக்குத் தலையைத் திருப்புகிறதா? கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து ஒரே இடத்தில் இருக்கிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா? தினமும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுத வேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், மயக்கத்திலிருந்து எழும்பியது. அடுத்த கிழமைகளில் 955, 980, 1005. வீட்டில் பெருநாள் மாதிரி.

பிறகு நாலரை மாதம் நடந்ததுதான் உண்மையான பராமரிப்பு. அதை விரிவாக எழுதுகிறோம், யாருக்காவது உதவும்.

கினிக்கு உயிர்ச்சத்து சி-ஐ உடம்பில் உண்டாக்க முடியாது. மனிதனுக்கும் முடியாது. இதில் நாமும் அதுவும் ஒன்று. 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, கப்பல்காரர்களுக்கு வரும் ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. அந்த நோயின் காரணத்தை ஆய்வுகூடத்தில் தேடும் வழி அங்கிருந்துதான் திறந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது ஒரு வரியில் கடந்து போகிற விடயம். நம்முடைய ஆரோக்கியத்துக்குப் பின்னால் இந்தப் பிராணியின் கூட்டம் எவ்வளவு பட்டிருக்கிறது என்பது மடியில் ஒன்று படுத்திருக்கும்போதுதான் உறைக்கிறது.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. நோயாளிக்கு இன்னும் கூட. அது குறைந்தால் மூட்டு வீங்கும், நடக்க ஏலாது. தண்ணீரில் கரைத்து வைத்தால் சத்துக் கெட்டுவிடும், வாயில்தான் கொடுக்க வேண்டும். கறிமிளகாயை நாரில்லாமல் அரைத்துக் கொடுத்தோம். கொய்யா பழுத்த காலத்தில் கொய்யா, ஆனால் இனிப்பு என்பதால் துளிதான். அதன் தீவனத் தூளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஆறியதும் கஞ்சிப் பதத்தில் சிரிஞ்சில் எடுப்போம். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியால், பக்கவாட்டில், துளித்துளியாக விட வேண்டும். விழுங்கின பிறகுதான் அடுத்த துளி. மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா. கினியின் குடல் வெறுமையாக நிற்கக் கூடாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே ஆபத்து.

சுபஹுக்கு முன்னால் ஒருவர், பாடசாலைக்குப் போகுமுன் ஒருவர், பகலில் உம்மம்மா, அஸருக்குப் பிறகு பிள்ளைகள், இரவில் நாங்கள். ஆம், உம்மம்மாதான். கூட்டுப் பக்கம் வராதவர் பகல் முறையை எடுத்துக்கொண்டார். அவருக்குச் சீனி வருத்தம், முழங்கால் வலி. தன்னுடைய மருந்தைப் போடும்போதே அதற்கும் வைத்தியர் தந்த மூட்டுவலி மருந்தை ஊட்டுவார். “ரெண்டு கிழடுகளுக்கும் மருந்து நேரம், எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்பார்.

இன்னொரு வேலை உண்டு. எழுதக் கூச்சம்தான், ஆனாலும் எழுத வேண்டும். வயதான ஆண் கினிகளுக்குப் பின்பக்கத் தசை தளர்ந்து கழிவு தேங்கிவிடும். அதை யாராவது கையால் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் தேங்காயெண்ணெய், மெல்லிய துணி. இரண்டு நாளைக்கு ஒருக்கா. கழிவு நஜீஸ் என்பதால் அதற்கென்று வேறு உடுப்பு, வேறு துவாய் வைத்திருந்தோம். முடிந்ததும் கழுவி, உடுப்பு மாற்றி, பிறகுதான் தொழுகை. இதை நாங்கள் பெரியவர்கள் செய்தோம். ஒரு நாள் மகள் தானாகக் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. வேலை முடியும்வரை அதனோடு மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாள். உம்மம்மா கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பாட்டில் மகளின் கோப்பையில் ஒரு துண்டு மீன் கூடுதலாக இருந்தது.

ஊரில் சிலர் பேசினார்கள். மறைக்கத் தேவையில்லை. “ஒரு எலிக்கு இவ்வளவு செலவா? அந்தக் காச ஏழைக்குக் குடுத்தா நன்மைதானே” என்றார் ஒரு சகோதரர். நியாயமான கேள்வி, கோபப்படவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறோம். ஸதக்காவுக்கென்று வீட்டில் ஒதுக்கும் பணத்தில் ஒரு ரூபாவும் குறையவில்லை. வேன் கூலியும் வைத்தியர் செலவும் அந்த வருடம் நாங்கள் பெருநாள் உடுப்பில் குறைத்துக்கொண்டது. உண்மையில் செலவானது காசு அல்ல, நித்திரை.

இன்னும் சிலர் அன்போடு சொன்னார்கள்: “வயல் பக்கம் விட்டுட்டு வாங்க, அல்லாஹ் பாத்துக்குவான்.” பூனைக்குட்டிகளைச் சந்தையில் விடுவது போல. இந்த ஒரு யோசனையை மட்டும் நாங்கள் ஏற்கவே மாட்டோம். கூட்டில் பிறந்து கூட்டில் வளர்ந்த பிராணிக்கு வயல் சுதந்திரம் அல்ல. ஒரு இரவுகூடத் தாங்காது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை நாம் எல்லோரும் மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள். தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் சம்பவமும் தெரியும். அதன் சொந்தக்காரரிடம், அல்லாஹ் உன் கையில் தந்த இந்தப் பிராணி விடயத்தில் அவனைப் பயப்பட மாட்டாயா என்ற கருத்தில் கேட்டார்கள். கையில் தந்தது என்றால் அமானிதம். அமானிதத்துக்கு அழகான வயது, அழகில்லாத வயது என்று இரண்டு கணக்கு இல்லை.

நாலாவது மாதம் பல் மறுபடி வளர்ந்தது. இரண்டாம் முறை மயக்கத்தை அதன் இதயம் தாங்காது என்றார் வைத்தியர். சிரிஞ்சோடு மட்டும் போனோம். 930. 880. 835. பின்னட்டைக் கேள்விகளுக்கு மகள் ஒவ்வொரு நாளும் பதில் எழுதினாள். தலையைத் திருப்புகிறது. கூனவில்லை. பல் கடிக்கவில்லை. ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள் நெருங்குகிறதா என்று ஒவ்வொரு இரவும் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிரிஞ்சுக்கு வாய் திறக்கவில்லை. எடை 790. சின்னவன் பதறி, “கொஞ்சம் அழுத்திக் குடுங்க, வாப்பா” என்றான். உம்மம்மா அவனுடைய கையைப் பிடித்தார். “விடுங்க மகன். அது வேணாம் எண்டு சொல்லுது. வேணாம் எண்டா கேக்கணும்.”

சிரிஞ்சை வைத்துவிட்டோம். வைத்தியருக்கு அழைப்பெடுத்தோம். வற்புறுத்த வேண்டாம், சூடாக வைத்திருங்கள், அமைதியாக இருக்கட்டும் என்றார். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தோம். உம்மம்மாவின் பழைய சால்வையில் சுற்றி அவருடைய மடியிலேயே வைத்திருந்தோம். அஸர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

முருங்கை மரத்தடியில், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தோம். சின்னவன் தொழுகை உண்டா என்று கேட்டான். இல்லை மகன், மண் போடுவது மட்டும்தான் என்றோம். மூன்று பிடி மண் போட்டான்.

இனி, வளர்ப்பவர்களுக்குச் சில சொற்கள்.

கிழமைக்கு ஒருக்கா எடை பாருங்கள், எழுதி வையுங்கள். பத்து வீதம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருக்கும் மனிதருக்கான மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். குறிப்பாக அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோடிக் கினியின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே எடுத்துவிடும். பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுப்பது உதவி அல்ல. சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். பல்லுக்கு அதுதான் மருந்து. சூட்டைக் கவனியுங்கள். உங்கள் பிரதேச மிருக வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். தன்னால் முடியாவிட்டால் யாரிடம் போகலாம் என்றாவது சொல்வார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளை இந்த வேலைகளிலிருந்து ஒதுக்கி வைக்காதீர்கள். புலமைப்பரிசில் இருக்கிறது, பாடம் இருக்கிறது என்று நாம் எல்லாவற்றிலிருந்தும் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டே போகிறோம். ஊட்டுவதும் துடைப்பதும் இரவில் எழும்புவதும் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க ஏலாத பாடம். நாளைக்கு நமக்கும் அந்தக் கைகள்தான் வேண்டும்.

அப்பத்தின் கூடு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. கழுவி, காய வைத்து வைத்திருக்கிறோம். மூன்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். காசு வேண்டாம், சும்மாவே தருகிறோம். ஆனால் கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம், கோபிக்க வேண்டாம்: ஆறாவது வருடத்தில், இரவு இரண்டு மணிக்கு, யார் எழும்புவது?

பதில் இருப்பவர்கள் கொண்டுபோகலாம். சிரிஞ்சும் தராசும் சேர்த்தே தருவோம். கொப்பியை மட்டும் மகள் தர மாட்டாள்.